மூன்று வருடமாக அதே அளவில் நிற்கும் சின்னக் கள்ளி

மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொட்டகலைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறீர்கள். மூன்று வருடத்துக்கு முன் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போனபோது ஒரு சின்னக் கள்ளி வாங்கி வந்தீர்கள். முள் இல்லை, பூசணிக்காய் மாதிரி எட்டுப் பிரிவு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, தேசிக்காய் அளவு. இன்றைக்கும் அதே தேசிக்காய் அளவுதான். உயிர் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது. தேயிலைக்குப் போடுகிற உரத்தில் ஒரு பிடி போட்டால் கிளம்பிவிடும் என்று அப்பா சொல்கிறார், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. வளராமல் நிற்பது நோயா என்பது ஒன்று. எப்படி வளர வைப்பது என்பது மற்றது. முதலாவதுக்கு என் பதில், அநேகமாக நோய் இல்லை. இந்தச் செடியின் சுபாவமே அதுதான். இரண்டாவதைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள் என்பேன். நம் மலையில் இதைச் சாகாமல் காப்பாற்றுவது எப்படி என்று கேட்டால் நான் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. உரம் வேண்டாம். ஏன் என்று கீழே வருகிறது.

நான் தாவரவியல் படித்தவன் இல்லை. தேயிலை நாற்றுமேடையில் 11 வருடம் வேலை செய்தேன். அதன் பிறகு முதலில் ஹட்டனிலும் இப்போது பண்டாரவளையிலுமாக 20 வருடத்துக்கு மேல் சின்னக் கள்ளிகள் வளர்த்து வருகிறேன். உங்கள் செடியைக் கண்ணால் பார்க்கவில்லை, படமும் இல்லை. அதனால் உங்கள் செடியைப் பற்றி நான் சொல்வது எல்லாமே நீங்கள் எழுதிய அடையாளத்தை வைத்துத்தான்.

அந்த அடையாளத்துக்கு இரண்டு செடி பொருந்தும். ஒன்று அஸ்ட்ரோஃபைட்டம் அஸ்டீரியாஸ். கடைகளில் நட்சத்திரக் கள்ளி என்று விற்பார்கள். மெக்சிகோவின் வடகிழக்கும் அதை ஒட்டிய டெக்சாஸின் தென்கோடியும் அதன் ஊர். மற்றது யூஃபோர்பியா ஒபீசா, தென்னாபிரிக்காவின் கரூ வறள்நிலத்தில் பிறந்தது. அதற்கும் பெரும்பாலும் எட்டுப் பிரிவுதான், அதுவும் முள் இல்லாத உருண்டைதான். ஆனால் அது காக்டஸ் குடும்பமே இல்லை. நாம் தமிழில் சதுரக்கள்ளி, திருகுகள்ளி, சப்பாத்திக்கள்ளி என்று எல்லாவற்றையும் கள்ளி என்றே சொல்லிவிடுகிறோம். இதில் சப்பாத்திக்கள்ளி மட்டும்தான் காக்டஸ், மற்ற இரண்டும் பால் வடிகிற யூஃபோர்பியா. பால் வருகிறதா என்று பார்க்கக் கீறிப் பார்க்காதீர்கள். செடிக்கும் காயம், அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிரிவின் நடு மேட்டையும் பாருங்கள். சட்டைப் பொத்தான் வரிசை போல வட்ட வட்டமாகச் சின்னப் பஞ்சுக் குமிழ்கள் இருந்தால் அது நட்சத்திரக் கள்ளி. பஞ்சு இல்லாமல், கிரிக்கெட் பந்துத் தையல் மாதிரி மேடு தட்டி, ஊதா நிறக் கோடுகள் குறுக்கே ஓடினால் ஒபீசா. வெள்ளைப் புள்ளி என்று நீங்கள் சொன்னதால் முதலாவது என்றே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒபீசாவாக இருந்தாலும் மழை, மண், தண்ணீர் பற்றிச் சொல்வதில் பெரிய மாற்றம் இல்லை.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு இடம் போதும். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பக்கவாட்டில் மெல்லப் பிடித்துப் பாருங்கள். பழுக்காத தேசிக்காய் மாதிரிக் கெட்டியாக இருக்க வேண்டும். மழை இல்லாத மாதங்களில் கொஞ்சம் தட்டையாகி, லேசாக அமுங்கினாலும் பயமில்லை, அது தாகம். அமுக்கிய இடத்தில் தோல் வழுக்கினால், அல்லது ஒரு பக்கம் மட்டும் கொழகொழத்தால் அது அழுகல். அடுத்து உச்சியின் நடுவில் இருக்கிற குழியைப் பாருங்கள். அங்கே புதுப் பஞ்சு, கிழிந்த தலையணையில் எட்டிப் பார்க்கிற பஞ்சு மாதிரி வெளுப்பாக இருந்தால் செடி வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. பஞ்சு எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் பழசாகக் கிடந்தால் அது வளர்ச்சியை நிறுத்தி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அடிப்பக்கம் மரப்பட்டை நிறத்தில் காய்ந்து கெட்டியாக இருந்தால் அது வயது. நனைந்த பழுப்பு என்றால்தான் கவலை.

அளவு மாறவே இல்லை என்று உங்கள் கண்ணுக்குத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தச் செடி நடு உச்சியிலிருந்து வளர்ந்து பழைய உடம்பை ஓரத்துக்கும் கீழுக்கும் தள்ளுகிறது. அடியில் பழைய தோல் சுருங்கி, மண்ணோடு உட்கார்ந்துவிடும். பிறந்த ஊரில் வறட்சி வந்தால் மண் மட்டத்துக்கே இறங்கி, தரையோடு தரையாகிவிடும். மேலே கூடுவதில் ஒரு பங்கு அடியில் கழிந்துவிடுவதால் வெளியே தெரிவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் எவ்வளவு என்கிறீர்கள்? நல்ல வெயிலும் நல்ல கையும் கிடைத்த செடியே வருடத்துக்குச் சில மில்லிமீற்றர்தான் பெருக்கும், மிகவும் நன்றாகப் போனால் ஒரு சென்ரிமீற்றர். விதையிலிருந்து நான் எடுத்த ஒரு செடி ஆறு வருடம் கழித்து மூன்றரை சென்ரிமீற்றர் அகலத்துக்கு வந்தது. ஏழாம் வருடம் ஒரு பெப்ரவரி மத்தியானத்தில்தான் முதல் பூ விட்டது. மஞ்சள் இதழ், நடுவில் செம்மை, செடியை மூடுகிற அளவு பெரிய பூ. அந்த ஏழு வருடத்தில் அது வளரவில்லை என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்.

ஒன்று செய்யுங்கள். தைப்பொங்கல் அன்றோ உங்களுக்கு ஞாபகம் நிற்கிற வேறொரு நாளிலோ, ஒரு பத்து ரூபாய்க் குற்றியைச் செடிக்குப் பக்கத்தில் வைத்து நேர் மேலிருந்து படம் எடுங்கள். அடுத்த வருடம் அதே நாளில் இன்னொன்று. ஒரு பிரிவில் உள்ள பஞ்சுக் குமிழ்களை எண்ணிப் பாருங்கள். அளவு ஏமாற்றலாம், புதுக் குமிழ் வந்ததா இல்லையா என்பது ஏமாற்றாது.

சரி, இனி முக்கியமான விஷயம். நான் பார்த்த அளவில் மலையகத்தில் இந்தச் செடிகள் பட்டினியால் சாவதில்லை, குளிராலும் அநேகமாகச் சாவதில்லை. ஈரத்தால்தான் சாகின்றன. நட்சத்திரக் கள்ளியின் ஊரில் வருடத்துக்கு 500, 600 மில்லிமீற்றர் அளவில்தான் மழை. அதுவும் கொட்டிவிட்டு நிற்கும், பிறகு வெயில் காய்ச்சும். உங்களிடமிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற வட்டவளையில் வருட மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டும். மழையை விட எனக்குப் பயம் தருவது அதோடு வருகிற மூட்டம். மற்றச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றை எடுக்கும். கள்ளி இரவில்தான் திறக்கும், தண்ணீர் அதிகம் ஆவியாகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நம் மலையில் இரவு குளிர்ச்சி, காற்று முழுக்க ஈரம். செடியிலிருந்து தண்ணீர் வெளியே போவதே இல்லை என்று சொல்லலாம். வெளியே போகாவிட்டால் வேர் உறிஞ்சாது. வேர் உறிஞ்சாவிட்டால் சாடியில் ஊற்றிய தண்ணீர் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். காற்றுப் புகாத அந்த ஈரத்தில் வேர் மூச்சடைத்துச் செத்து, பூஞ்சணம் ஏறிவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஹட்டனில் இருந்தபோது இஸ்தோப்பு ஓரமாக ஒரு பலகை போட்டு 14 செடி வைத்திருந்தேன். தகரம் மேலே இருக்கிறது, மழை படாது என்று நம்பினேன். ஜூலையில் தென்மேல் காற்று மழையைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு வரும் என்பதை யோசிக்கவில்லை. அப்படி நனைந்தது பெரிய நனைச்சலும் இல்லை, வெறும் பிசுபிசுப்பு. ஒருநாள் காலையில் ஒரு செடியைத் திருப்பி வைக்கத் தொட்டேன். விரல் பட்ட இடத்தில் தோல் உள்ளே போய்விட்டது. மேலே பார்க்கப் புள்ளிகளோடு அழகாக இருந்தது, அடியில் உள்ளுக்குள் ஒன்றுமே இல்லை, ஆரஞ்சுப் பழுப்பில் குழம்பு மட்டும். இரண்டு வாரத்துக்குள் 9 செடி போய்விட்டது. மிஞ்சிய ஐந்தும் பலகையின் உள்பக்கம், சுவரை ஒட்டி இருந்தவை. ஒரே மண், ஒரே சாடி, ஒரே கை, மூன்றடி தூரம்தான் வித்தியாசம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. காக்டஸ் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தமானது. ஒரே ஒரு இனம் மட்டும் அதற்கு வெளியேயும் இயற்கையாக இருக்கிறது, ஆபிரிக்காவிலும் மடகஸ்காரிலும் நம் இலங்கையிலும். ரிப்சாலிஸ் பச்சிஃபெரா என்று பெயர். காட்டு மரங்களில் பச்சைக் கயிறு கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும், முத்துப்போல வெள்ளைச் சின்னப் பழம் பிடிக்கும். பறவை கொண்டுவந்ததா, கப்பலில் வந்ததா, அதற்கும் முன்பே இருந்ததா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அவ்வளவு மழையில் வாழ்கிற அந்தக் கள்ளிகூடத் தரையில் வேர் விடுவதில்லை. மரப்பட்டையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வழிந்து ஓடிவிடுகிற இடத்தில்தான் நிற்கிறது.

ஆகவே உங்கள் முதல் வேலை, செடிக்கு மேலேயும் காற்று அடிக்கிற பக்கத்திலும் மழை மறைப்பு. பெரிய செலவு வேண்டாம். ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடியை வெட்டி, மூடியைக் கழற்றி, சாடிக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு மூன்று குச்சியில் நிறுத்தினால் ஒரு செடிக்குப் போதும். முழுக்க மூடிவிடாதீர்கள். உள்ளே வியர்த்து, மழையில் வைத்ததை விட மோசமாகிவிடும். நிறையச் செடி இருந்தால் மரக்கறிக்காரர்கள் போடுகிற மாதிரி சின்னதாக ஒரு பொலித்தீன் கூடாரம், நான்கு பக்கமும் காற்று வர. அதற்குள் பகலில் வெளியை விட வெப்பம் கூடும், நம் குளிர்ச்சிக்கு அது இந்தச் செடிக்கு நல்லது. நுவரெலியாவின் வருடச் சராசரியே 16 பாகை செல்சியஸ் சுற்றித்தான். நட்சத்திரக் கள்ளி உற்சாகமாக வளர்வது 20 பாகைக்கு மேலே. உங்கள் செடி மற்றவர்கள் படம் போடுகிற செடிகளை விட மெதுவாக இருப்பதற்கு இதுவும் காரணம். குளிர் அதைக் கொல்லாது, மந்தமாக்கும். மண் காய்ந்திருந்தால் ஐந்து பாகைக் குளிரை ஒரு சேதமும் இல்லாமல் தாங்கிவிடும். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் துகள் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுகிற இரவுகளில் மட்டும் கூரைக்குள் எடுத்துவிடுங்கள்.

வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. வீட்டுக்குள் அலுமாரி மேலே வைத்தால் செடி வெளிச்சத்தைத் தேடி உச்சி கூம்பி உயரும். அதைப் பார்த்து வளர்கிறது என்று சந்தோஷப்படுவோம். மூட்ட மாதத்தில் உங்கள் செடி திடீரென்று வளர்ந்தால் எனக்குச் சந்தோஷம் வராது, பயம்தான் வரும். அது இளைத்து நீள்கிறது, அந்தச் சதை பலவீனமானது, முதலில் அழுகுவதும் அதுதான். மறுபக்கம், மூன்று மாதம் மூட்டத்தில் கிடந்த செடியை முதல் வெயில் நாளில் தூக்கி வெளியே வைத்தால் தெற்குப் பக்கமோ மேற்குப் பக்கமோ வெளுத்து, மஞ்சளாகி, பிறகு பழுப்புத் தழும்பாக நின்றுவிடும். மலை வெயில் உடம்புக்குக் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் சுடும். கொழுந்து எடுக்கப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சொந்த ஊரிலேயே இந்தச் செடி பெரும்பாலும் சின்னப் புதர்களின் அரை நிழலில்தான் வளர்கிறது. காலை வெயில் நாலு மணித்தியாலம், பிறகு வெளிச்சமான நிழல், இது போதும். இடம் மாற்றும்போது மேலே ஒரு வெள்ளைத் துணியோ வலையோ போட்டு, இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

மண்ணைப் பற்றி. தோட்டத்து மண் வேண்டாம். தேயிலைக்கு அமிலமான, ஈரம் பிடிக்கிற மண் ஏற்றது. பங்களா வாசல்களில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள், மண்ணில் அமிலம் கூடினதற்கு அது அடையாளம். நட்சத்திரக் கள்ளிக்கு அவ்வளவு அமிலம் ஆகாது, அந்தக் களியும் ஆகாது. நான் கலக்குவது இப்படி: மிளகு அளவிலிருந்து கடலை அளவு வரை உள்ள சின்னச் சல்லி இரண்டு பங்கு, அதே அளவுக்கு உடைத்த பழைய செங்கல் அல்லது கூரை ஓடு ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலைமண் ஒரு பங்கு. மழை நிறைய இருக்கிற உங்கள் பக்கத்துக்கு இலைமண்ணைப் பாதியாக்குவேன். எல்லாவற்றையும் சல்லடையில் அரித்து, கீழே விழுகிற தூளை எறிந்துவிடுங்கள். இதில் சோம்பல் படக்கூடாது. தூள்தான் ஓட்டைகளை அடைக்கிறது. கட்டட வேலைக்கு வருகிற கல்தூள் தண்ணீர் பட்டால் இறுகிப் பாறையாகிவிடும், அதைத் தொடாதீர்கள். கடைகளில் வெறும் தும்புத்தூளில் வைத்து விற்கிறார்கள். சின்னச் செடியைச் சீக்கிரம் பெரிதாக்க அவர்களுக்கு அது வசதி, ஆனால் நம் ஈரத்தில் தும்பு காயவே காயாது. உங்கள் செடி மூன்று வருடமாக அதிலேயே இருந்தால் அதை மாற்றுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

சாடி மண்சாடியாக இருக்கட்டும், செடியை விட ஒரு விரல் அகலம் போதும். பெரிய சாடி என்றால் வேர் போகாத மண்ணில் தண்ணீர் தேங்கும். மாற்றும்போது பழைய மண்ணை உதிர்த்து வேரைப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சுபோலத் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, வேரைக் கழுவிக் காயவிடுங்கள். செடி மெலிந்து நிற்பதற்கு மண்ணுக்குள் மறைந்திருக்கிற இந்தப் பூச்சி பல தடவை காரணமாக இருந்ததைக் கண்டிருக்கிறேன். காய்ந்த வேரோடு செடியை ஒரு வாரம் நிழலில் ஒரு தாளில் சும்மா போட்டு வையுங்கள். ஒன்றும் ஆகாது. பிறகு காய்ந்த மண்ணில் நட்டு, இன்னும் பத்து நாள் கழித்துத்தான் முதல் தண்ணீர்.

தண்ணீருக்கு நாள் கணக்குச் சொல்லுங்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சொன்னால் தவறாகிவிடும். சாடியின் அடி வரை ஒரு ஈர்க்கைக் குத்தி, கொஞ்ச நேரம் விட்டு எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் ஈரம் இருக்கிறது, ஊற்றாதீர்கள். குளிரவில்லை என்றால் இன்னும் மூன்று நாள் கழித்து, அடியால் வழிகிற மாதிரி நன்றாக ஊற்றி, தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். தினம் ஒரு மூடித் தண்ணீர் என்ற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். இணையத்தில் குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்து என்று எழுதியிருப்பது குளிர்நாட்டுக்காரர்களுக்கு. நமக்கு வருடம் முழுவதும் பகல் நீளம் ஒரு மணித்தியாலம்கூட மாறுவதில்லை, அதனால் செடிக்கு ஓய்வுக் காலத்தை நாம்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும், மழையைப் பார்த்து. கொட்டகலை, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நான் அநேகமாகத் தண்ணீரே ஊற்றமாட்டேன். ஜனவரி முதல் மார்ச் வரை காய்கிற காலத்தில் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அமையும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் கணக்குத் தலைகீழ். இங்கே எங்களுக்கு ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அடித்து மண் பிளக்கும், மழை ஒக்டோபருக்கு மேல்தான். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் சொல்கிற மாதக் கணக்கை இந்தப் பக்கம் பின்பற்றிச் செடியை இழந்தவர்கள் உண்டு. பீலித் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், தயங்காமல் ஊற்றலாம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் மாதிரிச் சுண்ணாம்புப் படலம் விடாது.

இப்போது அப்பாவின் உரம். தேயிலையில் நாம் எடுப்பது இலை. வாராவாரம் கொழுந்தைக் கிள்ளி எடுத்துக்கொண்டே இருப்பதால் அந்தச் செடிக்கு நைதரசன் நிறையக் கொடுக்கத்தான் வேண்டும், அப்பா அனுபவத்தில் சொல்வது தேயிலைக்கு முழுக்கச் சரி. கள்ளியிலிருந்து நாம் எதையும் எடுப்பதில்லை. அதில் ஒரு பிடி விழுந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். உப்புக் கூடி வேர் கருகும். அல்லது செடி அவசரமாகத் தண்ணீர் குடித்து உப்பி, தோல் வெடித்து, அந்த வெடிப்பு வழியே அழுகல் நுழையும். ஆசைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால், நைதரசன் குறைந்த திரவ உரத்தை, போத்தலில் எழுதியிருக்கிற அளவில் கால் பங்காகக் கரைத்து, பெப்ரவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மண் மாற்றுகிறவர்களுக்கு அதுவும் தேவைப்படாது.

இதுவரை சொன்னதில் மழை மறைப்பு, வடிகிற மண், உரம் வேண்டாம் என்ற மூன்றையும் உறுதியாகச் சொல்வேன். இனிச் சொல்வது என் பழக்கம் மட்டும். மண் கலவையில் ஒரு சாடிக்கு ஒரு சிட்டிகை டொலமைட் போடுகிறேன், நம் இலைமண்ணின் அமிலம் குறையட்டும் என்று. போடாத சாடிகளிலும் செடி நன்றாக இருந்திருக்கிறது. வெட்டின இடத்தில் கறுவாத்தூள் தடவுகிறேன். காயத்தை ஆற்றியது கறுவாவா, காயவிட்டதா என்று கேட்டால், காயவிட்டது என்பதற்குத்தான் என்னிடம் சாட்சி இருக்கிறது. கரித்துண்டு கலப்பதும் அப்படித்தான், கெடுதல் இல்லை என்பது வரைக்கும் சொல்லலாம்.

சீக்கிரம் வளர வேண்டும் என்பவர்களுக்கு ஒட்டுக் கட்டுகிற வழி இருக்கிறது. டிராகன் பழச் செடித் தண்டில் ஒட்டினால் நட்சத்திரக் கள்ளி பல மடங்கு வேகமாகப் பெருக்கும். ஆனால் அந்தத் தண்டு வெப்ப ஊர்ச் செடி, குளிரும் ஈரமும் சேர்ந்தால் அதுவே முதலில் போய்விடும். சிவப்பு, மஞ்சள் தலை வைத்து விற்கிற கள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள். அவையும் அதே தண்டில் ஒட்டியவைதான். அந்தச் சிவப்புத் தலையில் பச்சையமே இல்லாததால் தண்டு போனால் அதுவும் கூடவே போகும். உங்கள் செடி சொந்த வேரில் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும். பக்கக்கன்று வரும், பிரித்து நடலாம் என்றும் எதிர்பார்க்காதீர்கள், இது அநேகமாக ஒற்றையாகவே இருக்கும். விதை வேண்டும் என்றால் பூக்கிற வயதில் இரண்டு செடி வேண்டும், தன் மகரந்தம் தனக்குச் சேராது. இன்னொன்று வாங்குவதானால் விதையில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். காட்டிலிருந்து பிடுங்கி விற்றே குறைந்துபோன இனம் இது. உலக வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையான சைட்டீஸின் முதலாம் பட்டியலில் இருக்கிறது.

இப்போது மார்ச். மே மழைக்கு முன் உங்களுக்கு இரண்டு மாதம் இருக்கிறது, மண் மாற்ற இதுதான் நேரம். தண்ணீரை நிறுத்தி, ஒரு வாரம் காயவிட்டு, சாடியிலிருந்து எடுங்கள். வேர் வெளுப்பாகவோ வைக்கோல் நிறத்திலோ கெட்டியாக இருந்தால் மேலே சொன்னபடி நட்டுவிடுங்கள். அடியில் நனைந்த பழுப்பு தெரிந்தால் நடாதீர்கள். மெல்லிய புது பிளேட்டை ஸ்பிரிட்டில் துடைத்து, அடியிலிருந்து தோசை மாதிரி மெல்லிசாகச் சீவிக்கொண்டே போங்கள், ஒவ்வொரு சீவலுக்கும் பிளேட்டைத் துடைத்து. வெட்டின பக்கம் முழுக்க வெளிர்பச்சையாக வரும் வரை நிறுத்தக்கூடாது. நடுவில் பழுப்பு வளையம் துளி மிஞ்சினாலும் அது மேலே ஏறிவிடும். பிறகு மூன்று வாரம் காற்றோட்டமான நிழலில் வெட்டு மேலே பார்க்க வைத்துவிட்டு, காய்ந்த சல்லி மேலே உட்கார்த்துங்கள். இப்படிச் சீவியதில் ஐந்தில் ஒன்றுதான் எனக்கு மறுபடி வேர் விட்டது, அதற்கும் எட்டு மாதம் எடுத்தது. எது தெரிந்தாலும் நடுவதற்கு முன் இரண்டு படம் எடுத்துப் போடுங்கள், உச்சி ஒன்று, அடி ஒன்று. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.